குளிருக்குக் குல்லா: கை வலிக்காமல் பின்ன சில குறிப்புகள்

கம்பளிக் குல்லாவுக்கு ஸ்வெட்டர் பின்னுகிற அளவு பொறுமை தேவையில்லை. நூறு கிராம் நூலும், ஓய்வாக உட்கார சில மாலை நேரங்களும் இருந்தால் போதும். ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்கு டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு ஆகும். டெல்லியில் வேலை பார்க்கும் மகனுக்கோ, கனடாவில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளுக்கோ பார்சலில் போட்டு அனுப்பவும் ஆகும். ஆனால் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பின்னக் கற்றுக்கொண்டு பிறகு கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். டிசைன் புரியவில்லை என்று அதிகம் பேர் சொல்வதில்லை. "கை வலிக்குது, விட்டுட்டேன்" என்பார்கள். அதனால் முதலில் கை, டிசைன் பிறகு.

1. நூல் வலது கையில்: இங்கிலீஷ் முறை

நம் ஊரில் பெரும்பாலோர் கற்றது இதுதான். நூல் வலது கையில் இருக்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் அதை ஊசியின் மேல் சுற்றிப் போட வேண்டும். கற்பது எளிது, கண்ணிகளும் சீராக வரும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பலர் நூலைச் சுற்றும்போதெல்லாம் வலது கையை ஊசியிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான ஒரு குல்லாவில் ஆறாயிரம் கண்ணிக்கு மேல் இருக்கும். அத்தனை முறை கை போய்ப் போய் வந்தால் தோள்பட்டை சும்மா இருக்குமா? நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். கை ஊசியிலேயே இருக்கட்டும்; விரல் நுனி மட்டும் அசைந்து நூலைப் போடட்டும். இரண்டு நாள் தடுமாறும், அப்புறம் படிந்துவிடும்.

2. நூல் இடது கையில்: கான்டினென்டல் முறை

குரோஷா போடத் தெரிந்தவர்கள் நேராக இதற்கு வந்துவிடலாம். இடது கையில் நூல் பிடித்துப் பழகியிருப்பார்கள் என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி. நூல் இடது ஆள்காட்டி விரலில் விறைப்பாக நிற்கும். வலது ஊசியின் நுனி அதைக் கொத்தி இழுத்துக்கொள்ளும். அசைவு மிகவும் குறைவு. நிட் கண்ணி, அதாவது நூல் ஊசிக்குப் பின்னால் நிற்கப் போடுவது, இதில் வேகமாக ஓடும். நூலை முன்னால் கொண்டுவந்து போடும் பர்ல் கண்ணிதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வட்டமாகப் பின்னும் குல்லாவில் விளிம்பைத் தாண்டிவிட்டால் பர்லே கிடையாது என்பதால், குல்லாவுக்கு இது நல்ல பொருத்தம்.

3. நூல் தோளில்: போர்த்துகீசிய முறை

மணிக்கட்டு வலியும் கட்டைவிரல் அடியில் வலியும் உள்ளவர்கள் இதை ஒரு தடவையாவது முயன்று பார்க்க வேண்டும். இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் இதற்கு வேண்டிய கருவி நம் தோளிலேயே இருக்கிறது. நூல் உருண்டையிலிருந்து வரும் இழையை வலது நடுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கம் நெஞ்சுக்கு மேல் குத்திய ஒரு கொக்கி வழியாக விட்டு, அங்கிருந்து பின்னலுக்குக் கொண்டுவருவார்கள். நாம் முந்தானைக்கு ஊக்கு குத்துகிற இடம் ஏறக்குறைய அதேதான். ஊக்கில் ஒரு ஜெம் கிளிப்பை மாட்டி, அந்தக் கிளிப்புக்குள் நூலை விட்டால் தடையில்லாமல் ஓடும். பட்டுப் புடவையில் வேண்டாம், இழை இழுத்துக்கொள்ளும்.

இப்போது நூல் எப்போதும் பின்னலுக்கு முன்னால் நிற்கும். வலது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, இடது கட்டைவிரலால் நூலை ஊசி மேல் லேசாகத் தள்ளினால் போதும், ஒரு பர்ல் முடிந்தது. நூலின் விறைப்பை ஊக்கு பார்த்துக்கொள்வதால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஊக்குக்குப் பதில் நூலைக் கழுத்தைச் சுற்றி விடுபவர்களும் உண்டு. தாலிச் சங்கிலியும் மணிமாலையும் போட்டிருப்பவர்கள் அந்த வம்புக்குப் போக வேண்டாம்.

பெருவில் டிட்டிகாக்கா ஏரியின் நடுவே டாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள் வேலை. பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நூலைக் கழுத்தைச் சுற்றி விட்டு, குல்லாவின் உள்பக்கம் தங்களைப் பார்க்க வைத்து, முழுக்க முழுக்கப் பர்லாகவே போட்டுக்கொண்டு போவார்கள். வெளிப்பக்கம் நிட்டாகத் தெரியும். அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெஸ்கோ 2005இல் சிறப்பித்தது. நீங்களும் இப்படிச் செய்யலாம்: வட்டமாகப் பின்னும்போது குல்லாவை உள்வெளியாக வைத்துக்கொண்டு பர்லாகவே போட்டு முடித்து, கடைசியில் திருப்பிக்கொள்ளுங்கள்.

4. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்டு தீவுகளில், துளைகள் உள்ள ஒரு தோல் பட்டையை இடுப்பில் கட்டி, வலது ஊசியின் மறுமுனையை அதில் செருகிக்கொள்வார்கள். ஊசி அசையாது, எடையும் கைக்கு வராது. வேகம் சொல்லி மாளாது: ஷெட்லாண்டைச் சேர்ந்த ஹேசல் டின்டால் 2008இல் நடந்த போட்டியில் மூன்று நிமிடத்தில் 262 கண்ணி போட்டார். நமக்குப் பட்டை கிடைக்காது. நீள ஊசி உள்ளவர்கள் வலது ஊசியின் அடிப்பகுதியை அக்குளில் இடுக்கிக்கொண்டால் ஓரளவு அதே பலன் உண்டு.

5. எந்த முறை உங்களுக்கு?

யார் எது சொன்னாலும் உங்கள் கை சொல்வதுதான் தீர்ப்பு. ஒவ்வொரு முறையிலும் இருபது கண்ணி போட்டு, கை பழகும் வரை பின்னிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், குழம்பிவிடும். பின்னி முடித்த பிறகு எங்கே பிடித்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். தோள் என்றால் கான்டினென்டலுக்கு மாறுங்கள். கட்டைவிரலோ மணிக்கட்டோ என்றால் ஊக்கு முறை. வலியே இல்லையென்றால் இருக்கிற முறையிலேயே இருங்கள். வேகத்துக்காக மட்டும் மாற வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: குல்லாவின் நடுவில் முறையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இறுக்கம் வேறு. மாற்றிய இடம் கோடு போட்ட மாதிரி தெரியும்.

6. ஊசி நம்பர் ஏமாற்றும்

நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் இன்னும் புழங்குகிறது. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏறத் தடிக்கும். கடையில் 8ஆம் நம்பர் கேட்டால் 4 மி.மீ. ஊசி தருவார்கள். அமெரிக்க டிசைனில் 8 என்று எழுதியிருந்தால் அது 5 மி.மீ. யூடியூபில் பார்த்த டிசைனுக்கு உள்ளூர் ஊசி வாங்கிப் பின்னி, பெரியவருக்கான குல்லா பேரனுக்குக்கூட ஏறவில்லை என்று தலையில் கைவைப்பதற்கு இதுதான் காரணம். நம்பரை விட்டுவிட்டு மி.மீ. கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நம் நம்பர் 10 என்பது 3.25 மி.மீ.; நம்பர் 9 என்பது 3.75 மி.மீ.

7. அலுமினிய ஊசி வழுக்கும், குளிர்காலத்தில் சில்லென்று இருக்கும், ஆனால் வேகம். மூங்கில் ஊசி கண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். புதிதாகப் பின்னுபவர்களுக்கும் விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் மூங்கிலே நல்லது. மூங்கில் சொரசொரத்தால் மெழுகுத் தாளால் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள்.

8. சர்க்குலர் ஊசி

இரண்டு குட்டி ஊசிகளை ஒரு நைலான் கம்பி இணைத்திருக்கும். 40 செ.மீ. நீளம் குல்லாவுக்குச் சரியானது. வட்டமாகப் பின்னிக்கொண்டே போகலாம், தையல் இல்லை. அதைவிடப் பெரிய லாபம், பின்னலின் எடை மடியில் கிடக்கும். நீள ஊசியில் அந்த எடை முழுக்க மணிக்கட்டில் தொங்கும். நாற்காலிக் கைப்பிடியில் வேறு இடிக்கும். உச்சியில் கண்ணி குறையக் குறைய 40 செ.மீ. ஊசியில் எட்டாது. அப்போது இருபுறமும் கூரான நான்கைந்து ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே 80 செ.மீ. ஊசி வாங்கி, மிஞ்சும் கம்பியை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம்.

சர்க்குலர் ஊசியே வேண்டாம் என்பவர்கள் சாதாரண ஊசியில் தட்டையாகப் பின்னிப் பின்பக்கம் தைத்துக்கொள்ளலாம். இரு ஓரத்துக்கும் தையலுக்கென்று ஒவ்வொரு கண்ணி கூடுதலாகப் போட மறக்காதீர்கள்.

9. உல்லனா, அக்ரிலிக்கா?

கடையில் "உல்லன் நூல்" என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறினால் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். உருகியதைத் தொட்டுவிடாதீர்கள்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தெரியாமல் இருக்கும். பனியில் நடந்து வியர்த்தாலும் தலை சில்லிடாமல் இருப்பது அதனால்தான். அக்ரிலிக் ஈரத்தை இழுக்காது. ஆனாலும் அக்ரிலிக்கை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். விலை குறைவு, வாஷிங் மெஷினில் போடலாம், பூச்சி அரிக்காது. ஊட்டிக் குளிருக்கும் டெல்லி ஜனவரிக்கும் அது தாங்கும். பனி கொட்டும் ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் காசைப் பார்க்காமல் கம்பளி வாங்குங்கள்.

10. உறுத்துமா என்று பார்க்க, நூலை விரலால் தடவிப் பயனில்லை. விரல் தோல் தடித்தது. கழுத்திலோ தாடைக்குக் கீழோ வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். குத்தல் என்பது பெரும்பாலும் அலர்ஜி அல்ல. தடித்த இழைகளின் முனைகள் தோலில் குத்துவதுதான். மெரினோ ஆட்டின் இழை மெல்லியது என்பதால் மடங்கிக்கொடுத்துவிடும். லடாக்கில் சாங்தாங் பீடபூமி ஆடுகளின் பஷ்மினா அதைவிட மெல்லியது, விலையும் அதற்கேற்றபடி. முழுக்க மெரினோ கட்டுப்படியாகாதா? நெற்றியில் படும் விளிம்பின் உள்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பருத்தித் துணிப் பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள்.

11. தலை அளவு

இன்ச் டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்குச் சுமார் 46. பள்ளிப் பிள்ளைகளுக்கு 50 முதல் 53. வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் வாட்ஸ்அப்பில் கேட்டால் "நார்மல் சைஸ்தாம்மா" என்பாள். விடாதீர்கள், டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். டேப் இல்லையென்றால் சார்ஜர் ஒயரைச் சுற்றி ஸ்கேலில் அளக்கட்டும்.

குல்லா தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தலைச் சுற்றளவில் 5 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைக்கு 4. நூல் இழுத்துக்கொடுத்துத் தலையைப் பற்றிக்கொள்ளும். தலை அளவுக்கே பின்னினால் நான்கு நாளில் கண் மேல் வந்து விழும்.

12. மாதிரித் துண்டு

எல்லோரும் தாவிக் குதிக்கிற படி இது. நீங்கள் தேர்ந்தெடுத்த முறையில், அதே ஊசியில், 15 செ.மீ. சதுரம் பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 4 மி.மீ. ஊசியில் டி.கே. (டபுள் நிட்டிங்) பருமன் நூலுக்கு 22 கண்ணி வர வேண்டும். 24 வந்தால் இறுக்கமாகப் பின்னுகிறீர்கள், ஊசியை 4.5 ஆக்குங்கள். 20 வந்தால் 3.75.

துண்டு பின்ன அலுப்பாக இருக்கிறதா? எலிசபெத் சிம்மர்மான் என்ற பின்னல் ஆசிரியர் ஸ்வெட்டருக்கு முன்னால் மாதிரிக்கு ஒரு குல்லாவையே பின்னிப் பார்க்கச் சொல்வார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1971இல் வந்த இவரது புத்தகம் இன்றும் பின்னுகிறவர்களின் அலமாரியில் இருக்கிறது. நீங்களும் முதல் குல்லாவையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். பெரிதாகப் போனால் பெரியப்பாவுக்கு, சிறிதாகப் போனால் பக்கத்து வீட்டுக் குட்டிக்கு.

13. ஆரம்பக் கண்ணிகளை இறுக்கிப் போட்டால் குல்லா நெற்றியில் வரி வரியாகப் பதியும். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணி போட்டு, பிறகு ஒன்றை உருவிவிடுங்கள். எவ்வளவு நூல் வால் விட வேண்டும் என்ற கவலைக்கு: ஊசியில் பத்துச் சுற்றுச் சுற்றினால் வரும் நீளம் பத்துக் கண்ணிக்கு ஆகும். அதற்குமேல் ஒரு சாண் கூட்டி வையுங்கள்.

14. சர்க்குலர் ஊசியில் வட்டத்தை இணைக்கும் முன் மேஜை மேல் வைத்து, எல்லாக் கண்ணிகளின் அடிப்பகுதியும் உள்பக்கம் பார்க்கிறதா என்று சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். ஒரு முறுக்கு விழுந்திருந்தாலும் பிறகு பிரிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

15. இனி குல்லா

டி.கே. நூல் 100 கிராம், 56 செ.மீ. தலை என்று வைத்துக்கொள்வோம். 56இல் 5 போக 51. ஒரு செ.மீ.க்கு 2.2 கண்ணி வீதம் 112. இது எட்டால் வகுபடுகிறது என்பது வசதி. வேறு தலை அளவுக்கும் எட்டின் மடங்கில் எண்ணைப் பக்கமாக நகர்த்திக்கொள்ளுங்கள். 51 செ.மீ. தலை உள்ள பிள்ளைக்கு 104, ஒரு வயதுக் குழந்தைக்கு 88.

நம்பர் 10 ஊசியில் 112 கண்ணி போட்டு வட்டமாக இணைத்து, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் விளிம்பு 5 செ.மீ. பின்னுங்கள். பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, அடியிலிருந்து 15 செ.மீ. வரும்வரை எல்லாச் சுற்றும் நிட். டி.வி. பார்த்துக்கொண்டே பின்னக்கூடிய இடம் இது.

உச்சியில் எட்டுப் பிரிவாகக் குறைக்க வேண்டும். முதல் சுற்றில் 12 நிட், அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், இப்படி எட்டு முறை. 104 கண்ணி நிற்கும். அடுத்த சுற்று சாதாரணமாக. மறுபடி 11 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, 96. இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்து 56 வரை வாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்தால் கடைசியில் எட்டுக் கண்ணி மிஞ்சும். நூலை ஒரு சாண் விட்டு நறுக்கி, மழுங்கிய ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணி வழியாகவும் இரண்டு முறை ஓட்டி, இழுத்து முடிந்து உள்பக்கம் ஒளித்துவிடுங்கள். மொத்த உயரம் ஏறக்குறைய 22 செ.மீ. வரும்.

16. காதுதான் முதலில் குளிரும்

ரிப் விளிம்பை 5 செ.மீ.க்குப் பதில் 11 செ.மீ. பின்னி மேலே மடித்துவிட்டால் காதின் மேல் இரட்டை அடுக்கு. மொத்த உயரத்தையும் 6 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்; நூல் நூறு கிராமுக்குச் சற்றுக் கூட ஆகலாம்.

காதை முழுக்க மூட வேண்டுமென்றால் ஆண்டிஸ் மலைக்காரர்களின் சுயோ குல்லா மாதிரி காது மடல் வைக்கலாம். முடித்த குல்லாவின் விளிம்பில் பின்னால் 20 கண்ணி இடம் விட்டு, இரு பக்கமும் 22 கண்ணி வீதம் எடுங்கள். முன்னால் 48 மிஞ்சும். எல்லா வரிசையும் நிட்டாக 3 செ.மீ. பின்னி, பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாகக் குறைத்து, 4 கண்ணி நிற்கும்போது முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு என்றால் நுனியில் நூலைச் சடையாகப் பின்னித் தொங்கவிடலாம்.

17. காற்று அதிகமுள்ள ஊருக்கு வெறும் நிட் போதாது, கண்ணிகளுக்கு நடுவே புகுந்துவிடும். ஒரே சுற்றில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். பயன்படாத நிறம் உள்ளே ஓடி இன்னொரு அடுக்காகும். ஷெட்லாண்டைச் சேர்ந்த ஃபேர் ஐல் தீவின் புகழ்பெற்ற டிசைன்கள் அழகுக்கு மட்டும் வந்தவை என்று நினைக்காதீர்கள். உள்ளே ஓடும் நூலை இழுத்துப் பிடிக்காமல் தளர விடுங்கள், இல்லாவிட்டால் குல்லா சுருங்கிவிடும்.

18. மங்கி கேப்

முகம் மட்டும் தெரியும் இந்தக் குல்லாவை ஆங்கிலேயர் பாலக்ளாவா என்பார்கள். 1854இல் கிரிமியப் போரில் சண்டை நடந்த ஊரின் பெயர் அது. குளிரில் நடுங்கிய சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து பின்னி அனுப்பினார்கள். நம் மயிலாப்பூரில் மார்கழி பஜனைக்குக் கிளம்பும் மாமாக்கள் 22 டிகிரியிலேயே அதை மாட்டிக்கொள்வார்கள், அது வேறு கதை. பின்னுவதற்கு ஒரே குறிப்பு: கழுத்துப் பகுதியை ரிப்பாகவே பின்னுங்கள், தலை நுழையும் அளவு இழுபட வேண்டும். முகத் திறப்பின் விளிம்பையும் ரிப்பாக 3 செ.மீ. போடாவிட்டால் தொங்கிப்போய் மூக்கில் உரசும்.

19. கைக்குழந்தைக்கு

உடல் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது சரியில்லை என்று 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கட்டுரை ஒன்றே விளக்கியது. பெரியவர் தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தைக்கோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது குல்லா அவசியம். வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். குழந்தை அதிகச் சூட்டை வெளியேற்றுவதும் தலை வழியாகத்தான். குல்லா நழுவி முகத்தை மூடும் ஆபத்தும் உண்டு. தாடைக்குக் கீழே கட்டும் கயிறு, பட்டன், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைனும் வேண்டாம்.

20. எண்ணெய்த் தலையும் ஜடையும்

வெளிநாட்டு டிசைன்களில் இதற்கு இடமே கிடையாது. நீள முடிக்காரர்கள் கொண்டை போட்டிருந்தால் சாதாரணக் குல்லா உட்காராது. எட்டுக் கண்ணி வரை குறைக்காமல் 40 கண்ணியிலேயே நிறுத்தி, அந்த விளிம்பில் நான்கு சுற்று ரிப் போட்டுத் தளர்வாக முடித்துவிடுங்கள். கொண்டை மேலே வந்துவிடும். தாழ்வாகப் பின்னல் போடுபவர்கள் ஜடையோடு சேர்த்துத் தலை அளவெடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். குளிர் ஊரில் அது குல்லாவில் அப்பி, சிக்கு வாடை அடிக்கும். உள்ளே சாட்டின் துணி லைனிங் வைத்துவிட்டால் எண்ணெய் நூலுக்குப் போகாது, முடியும் சிக்காகாது. லைனிங்கை நாலு இடத்தில் மட்டும் தைத்து வையுங்கள், பிரித்துத் துவைக்கலாம்.

21. நூல் உருண்டை வீடெல்லாம் உருளாமல் இருக்க ஒரு சொம்பில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகளை எண்ண ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை: சுற்று முடிந்தால் ஒன்று. சுற்றின் ஆரம்பத்தை அடையாளம் காட்ட ஜூஸ் ஸ்ட்ராவில் ஒரு வளையம் நறுக்கி ஊசியில் மாட்டினால் போதும்.

22. நழுவிய கண்ணி

பதறி ஊசியை உருவாதீர்கள். நழுவிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள், அதற்கு மேல் அது இறங்காது. பிறகு குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேலே ஏணிப்படி போல் தெரியும் இழைகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே மேலே வந்தால் சரியாகிவிடும்.

23. அரைமணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தால் தோள் உயராது. உள்ளங்கை வியர்த்து நூல் ஒட்டினால் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள்; பவுடர் போட்டால் அடர்நிற நூலில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். விரல் மரத்துப்போவது இரவிலும் தொடர்ந்தால் முறையை மாற்றிப் பயனில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

24. துவைப்பது, எடுத்து வைப்பது

கம்பளிக் குல்லாவுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரை மிஞ்சியது இல்லை. கொட்டை நீக்கி ஊறவைத்துக் கரைத்த தண்ணீரை வடிகட்டி, வெதுவெதுப்பான நீரில் கலந்து, குல்லாவைக் கால்மணி முக்கி வைத்து அழுத்தி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கிவிடும், திரும்ப விரியாது. டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் போட்டு நிழலில் உலர்த்துங்கள். விளிம்பு கிண்ணத்தில் இழுபடாமல் தளர்ந்து தொங்கட்டும். அக்ரிலிக் குல்லாவுக்கு அயர்ன் பாக்ஸ் ஆகாது. ஒருமுறை சூடு பட்டால் துவண்டு போகும்.

அழுக்கும் வியர்வையும் உள்ள கம்பளியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும். துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். குழந்தைகளின் குல்லாவோடு மட்டும் அந்துருண்டை வைக்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதிலிருக்கும் நாஃப்தலீன் சிவப்பணுக்களை அழித்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரிந்திருக்காது.

25. பார்சல் அனுப்பும்போது நூல் லேபிளையும் அதே நூலில் இரண்டு மீட்டரையும் ஒரு கவரில் போட்டுச் சேர்த்து அனுப்புங்கள். அங்கே மெஷினில் போடலாமா கூடாதா என்பது லேபிளில் இருக்கும். எங்காவது மாட்டி அறுந்தால் ஒட்டுப்போட நூலும் இருக்கும். விமானத்தில் நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் ஊசிகளைப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். பாதி பின்னிய குல்லாவையும் ஊசியோடு கைப்பையில் வைக்காமல், கண்ணிகளை ஒரு தடித்த பருத்தி நூலில் கோத்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஊசிக்கு மாற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.